பச்சைச் சட்டைக் குழந்தைக்கு ஓர் அறிவிப்பு

எங்கள் பல்கலைக்கழகத்தில் மைக் என்றால் நான், ஃபோன் என்றால் அவள். நான் மின்பிரிவு ஆள். பட்டமளிப்பு விழாவோ இரங்கல் கூட்டமோ, மேடையில் யார் எவ்வளவு நேரம் கழுத்தறுத்தாலும் மூலையில் உட்கார்ந்து சத்தத்தை ஏற்றி இறக்குவது என் பிழைப்பு. அவளுக்கு நிர்வாகக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. அறை என்று சொன்னால் அந்த அறைக்கே சிரிப்பு வரும். நாற்காலியைப் பின்னால் தள்ளினால் சுவரில் இடிக்கும். அங்கே காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, யாருக்கு யார் வேண்டுமோ அவர்களை இணைத்து வைப்பாள். துணைவேந்தர் முதல் ஹாஸ்டல் சமையல்காரர் வரை எல்லோருக்கும் அவள் ஆபரேட்டர்தான்.

சும்மா சொல்லக் கூடாது, குரல் என்றால் அது குரல். காது கிழியக் கத்திக்கொண்டு வரும் பேராசிரியரைக்கூட, "லைன்ல இருங்க சார், இதோ குடுக்கறேன்" என்று ஒரே பேச்சில் உட்கார வைத்துவிடுவாள். யார் யாரோடு சண்டை, யார் யாரிடம் சிபாரிசுக்குத் தொங்குகிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் ஒரு வார்த்தை வெளியே வராது. நானும் எத்தனையோ தடவை வாயைக் கிளறிப் பார்த்திருக்கிறேன். "உங்க வேலையைப் பாருங்கண்ணா" என்பாள்.

ஊரார் விஷயத்தில் வாயைத் திறக்காதவள் தன் விஷயத்திலும் திறக்கவில்லை. வீடு எங்கே என்றால் "மேட்டுத் தெரு பக்கம்" என்பாள். கணவன் லாரி ஓட்டுகிறான், மாமனார் கூடவே இருக்கிறார், ஒரு பெண் குழந்தை. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அவர்களில் ஒருவரையும் கண்ணால் கண்டதில்லை.

உண்மையில் அவள் வீடு மேட்டுத் தெருவில் இல்லை. அங்கிருந்து சரிவில் இறங்கிப் போனால் வரும் கால்வாய்க் கரையில், தகரக் கூரை வரிசையில் ஒன்று. எங்களோடு பஸ்ஸில் வந்து மேட்டுத் தெரு நிறுத்தத்தில் இறங்குவாள். பஸ் வளைவில் திரும்பும் வரை மருந்துக்கடை வாசலில் ஏதோ வாங்குகிறவள் போல நிற்பாள். பிறகு கீழே நடப்பாள். இதெல்லாம் அவளே பிற்பாடு என்னிடம் சொன்னது.

எதற்கு இந்த நாடகம் என்றால் எங்களைத்தான் கேட்க வேண்டும். அலுவலகத்தில் குடை காணாமல் போனால் "கால்வாய்ப் பக்கம் போய்த் தேடு" என்போம். யாராவது வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தால் "என்ன, கால்வாய்க் காத்து வீசுது" என்போம். சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறிப்போன பேச்சு. மனதில் விஷம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். பதிவாளர் சொல்வார், கிளார்க்குகள் சொல்வார்கள், நானும் என் பங்குக்குச் சொல்வேன். எல்லோரும் சிரிப்பார்கள். ஆபரேட்டரும் சிரிப்பாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே.

அப்போதுதான் அந்தப் புயல் வந்தது. வரும் வரும் என்று ரேடியோ தொண்டை கிழியக் கத்தியும், எங்கள் ஆட்கள் விடுமுறை உண்டா இல்லையா என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வந்தபோது கேட்க வாய் இல்லை. ஆடிட்டோரியத்தின் கூரைத் தகடுகள் விளையாட்டு மைதானத்தில் கிடந்தன. நூலகத்து ஜன்னல் ஒன்றில்கூடக் கண்ணாடி இல்லை. வளாகத்து மரங்களில் பாதி வேரோடு சாய்ந்து பாதையை மறித்திருந்தன. ஊரில் மேட்டுப் பகுதி தப்பித்தது. கால்வாய் இரண்டு கரையையும் விழுங்கிக்கொண்டு ஓடியது.

மறுநாள் காலை நான் ஜெனரேட்டரைப் பார்க்க வந்தபோது மாடிப்படிக்குக் கீழே விளக்கு எரிந்தது. ஆபரேட்டர் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை நனைந்த உடை, காலில் செருப்பு இல்லை. பின்னாலேயே வந்த பதிவாளர் நெகிழ்ந்துபோய்விட்டார். அங்கே கூடியிருந்தவர்களைப் பார்த்து, "பாருங்க. வண்டி இல்ல, பஸ் இல்ல. இந்தப் பொண்ணு நடந்தே வந்திருக்கு. இதுக்குப் பேரு கடமை" என்றார். எல்லோரும் கை தட்டினோம்.

"வீடு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"ஒண்ணும் ஆகல சார்."

"குழந்தை?"

"அக்கா வீட்டுல பத்திரமா இருக்கா சார்."

வீடு போயிருந்தது. கூரை முதலில் போனது, பிறகு சுவர். மாமனாரும் குழந்தையும் ஒரு பள்ளிக்கூட மாடியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணவன் வெளியூரில் லாரியோடு மாட்டிக்கொண்டிருந்தான், சாலைகள் துண்டாகிக் கிடந்தன. வளாகத்து விருந்தினர் விடுதியில் ஓர் அறை கிடைக்குமா என்று கேட்கத்தான் அவள் அந்தத் தண்ணீரில் நடந்து வந்தாள். கேட்பதற்குள் கைதட்டல் விழுந்துவிட்டது. கைதட்டிய கையிடம் எப்படிப் பிச்சை கேட்பது என்று கூசிப் போய்விட்டதாம்.

பல்கலைக்கழகம் உள்விளையாட்டு அரங்கைத் திறந்துவிட்டது. இதற்கு முதலில் ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழுவுக்கு யார் தலைவர் என்று இன்னொரு கூட்டம் போட்டார்கள். அதற்குள் ஹாஸ்டல் பிள்ளைகள் பூட்டை உடைத்துக் கட்டில் மெத்தைகளை இறக்கிவிட்டார்கள். வேலை என்று இறங்கிய பிறகு எல்லோரும் நன்றாகத்தான் செய்தார்கள், அதைச் சொல்லாவிட்டால் பாவம். வேதியியல் பேராசிரியர் தண்ணீர் வடிகட்டிக் கொடுத்தார். பொருளாதாரத்துக்காரர் வெங்காயம் உரித்தார், உரித்துக்கொண்டே வரிசையில் நிற்பது பற்றி ஒரு வகுப்பும் எடுத்தார். விளையாட்டு விழாவில் மிஞ்சிய மஞ்சள் சட்டைகளைத் தொண்டர்களுக்குக் கொடுத்தார்கள். முதுகில் 'வெற்றி நமதே' என்று இருந்தது. வீடு இழந்தவர்கள் அதைப் படித்துக்கொண்டே எங்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் அது உறைக்கவில்லை.

அரங்கின் நடுவில் ஒரு கயிறு கட்டினார்கள். வரிசை கலையாமல் இருக்கத்தான் கட்டினார்கள். மாலைக்குள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பல்கலைக்கழகத்துக் குடும்பங்களுக்கு மெத்தை, அந்தப் பக்கம் பொதுமக்களுக்குப் பாய் என்று ஆகிவிட்டது. இப்படித்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தானாக ஆனது என்பார்கள் அல்லவா, அந்த மாதிரி.

ஒரு மூலையில் சின்ன மேடை. அங்கே என் மைக், பக்கத்தில் ஆபரேட்டர். யாரைத் தேடுகிறார்கள், டாக்டர் எங்கே, ரொட்டி எப்போது என்று அவள் குரல்தான் நாள் முழுக்க ஓடும். அவளுக்கும் ஒரு மஞ்சள் சட்டை. கால்வாய்க் கரை ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது நான் ஏணியில் நின்று ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று எழுந்து வாசலுக்குப் போனாள். குழாயடியில் ஒரு பெரியவரிடமும் ஒரு சின்னப் பெண்ணிடமும் குனிந்து ஏதோ பேசினாள். என்ன மனசு இந்தப் பொண்ணுக்கு என்று நினைத்தேன். என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர்தான் மாமனார், அதுதான் குழந்தை. அவர்களிடம் அவள் சொன்னது இது: "மாமா, இங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. ரெண்டு நாள் பொறுத்துக்கங்க, நான் ஏதாவது ஏற்பாடு பண்றேன்." குழந்தை அம்மா என்று காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறது. அதன் கையைப் பிரித்துவிட்டு, "இங்க அம்மான்னு கூப்பிட்டா எல்லாரும் சிரிப்பாங்கடா. கூப்பிடக் கூடாது, சரியா?" என்றிருக்கிறாள்.

மாமனார் சைக்கிள் ரிப்பேர் செய்த ஆள். அதிகம் பேச மாட்டார். "சரிம்மா, நீ போ. நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். அதற்குப் பிறகு மேடைப் பக்கம் வந்தபோதெல்லாம் அவளை 'மேடம்' என்றார். "மேடம், குடிக்கத் தண்ணி எங்க கிடைக்கும்?" "மேடம், புள்ளைக்கு லேசா சுரம் அடிக்குது, டாக்டர் எப்ப வருவாருங்க?" ஆபரேட்டர் அவர் முகத்தைப் பார்க்காமலே பதில் சொல்வாள். இவ்வளவு தன்மையாகப் பேசுகிறவளுக்கு இந்தக் கிழவரிடம் மட்டும் ஏன் வெடுக்கென்று வருகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

மறுநாள் போர்வை கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று, குழந்தைக்குத் தனியாகக் கிடையாது. ஈரத் தரை. குழந்தைக்குச் சுரம் என்று கேட்டவளுக்கு எப்படிப் பொறுக்கும்? மேடைக்குப் பின்னால் அடுக்கியிருந்ததில் ஒன்றை உருவி, யாரும் பார்க்காதபோது மாமனார் கையில் திணித்திருக்கிறாள். அவர் கயிற்றைத் தாண்டிக்கொண்டு போகும்போது மாணவர் தலைவன் பிடித்துவிட்டான். நல்ல பையன்தான், தூக்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தவன். ஆனால் அதிகாரம் புதுசு.

"பெரியவரே, ஒருத்தருக்கு ஒண்ணுன்னு சொன்னோமில்ல? இது ஏது ரெண்டாவது?"

பெரியவர் போர்வையைப் பார்த்தார். மேடைப் பக்கம் திரும்பவே இல்லை. "தப்பாயிடுச்சு தம்பி" என்றார்.

"எங்கேருந்து எடுத்தீங்க?"

"அங்க கிடந்துச்சு. எடுத்துட்டேன்."

அவன் போர்வையை வாங்கிக்கொண்டு, எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, "கால்வாய்ப் பக்கமா?" என்றான். அவ்வளவுதான், சுற்றி நின்ற மஞ்சள் சட்டைகள் சிரித்தன. பசியிலும் அலுப்பிலும் இருந்தவர்களுக்குச் சிரிக்க ஏதோ கிடைத்தது. நானும் பல்லைக் காட்டினேன். ஆபரேட்டரும் சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அது அவளுக்கு இத்தனை வருஷப் பழக்கம். அந்தப் பேச்சு காதில் விழுந்ததும் முகம் தானாகச் சிரித்துவிட்டது. பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு கயிற்றுக்கு அந்தப் பக்கம் போனார். குழந்தை மட்டும் நகராமல் நின்று அம்மா சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். ஆனால் அப்போது என்ன செய்தாள் தெரியுமா? மைக்கை எடுத்து, சூப் தயாராக இருப்பதாக அறிவித்தாள். குரலில் ஒரு பிசிறு கிடையாது.

அன்று சாயங்காலம் சூப்புக்கு நல்ல கூட்டம். ஒரு மாணவி அந்தக் குழந்தையைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். மேடைக்கு அடியில், ஒயர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்திருந்ததாம். என் காலுக்குக் கீழேயே இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை.

"தொலைஞ்சு போச்சு போல அக்கா. அழல, பேசவும் மாட்டேங்குது" என்றாள் மாணவி.

பதிவாளரும் வந்து குனிந்தார். "பாப்பா, உன் பேரென்ன?" பிறகு, "அம்மா எங்க?" குழந்தை ஆபரேட்டரைப் பார்த்தது. பிறகு தரையைப் பார்த்தது. சொல்லக் கூடாது என்று சொல்லியிருந்தார்களே, அது பாட்டுக்குச் சொல் தட்டாமல் நின்றது.

"அறிவிப்பு குடுத்துடுங்க ஆபரேட்டர்" என்றார் பதிவாளர்.

அவள் சுவிட்சைப் போட்டாள். "கவனிக்கவும். ஒரு பெண் குழந்தை மேடையருகே தன் குடும்பத்தாருக்காகக் காத்திருக்கிறது. வயது ஆறு. பச்சைச் சட்டை. முன்பல் ஒன்று விழுந்திருக்கிறது. இடது முழங்காலில் தையல் போட்ட தழும்பு இருக்கும்."

நான் குழந்தையைப் பார்த்தேன். நன்கொடையில் வந்த பேண்ட் போட்டிருந்தது. இரண்டு மடிப்பு மடித்தும் தரையில் புரண்டது. முழங்கால் எங்கே தெரிந்தது? மைக்கை அணைத்துவிட்டு, அவள் காதருகே போய், "யாரு குழந்தைம்மா இது?" என்றேன்.

"கேக்காதீங்கண்ணா" என்றாள். அவள் கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அதற்குள் பெரியவர் சூப் கிண்ணத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். பாதி சூப் அவர் சட்டையில். "என் பேத்திதான் சார். வரிசையில நின்னேன், அதுக்குள்ள நழுவிடுச்சு" என்றார். பிறகு ஆபரேட்டர் பக்கம் லேசாகத் தலையைச் சாய்த்து, "தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க மேடம்" என்றார். குழந்தை ஓடிப் போய் அவர் காலைக் கட்டிக்கொண்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

மாணவர் தலைவன் பதிவாளரிடம், "சார், இவர்தான் போர்வை எடுத்தவர்" என்றான்.

பதிவாளர் நிமிர்ந்துவிட்டார். இன்னொரு முகாமில் யாரோ ஒருவன் தாத்தா என்று சொல்லிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனதாக அன்று காலைதான் ஒரு வதந்தி கிளம்பியிருந்தது. பெற்ற தாயோ தகப்பனோ வராமல் எந்தக் குழந்தையையும் கொடுக்கக் கூடாது என்று குழுவில் முடிவு செய்திருந்தார்கள். கெட்ட முடிவு என்று சொல்ல முடியாது.

"உங்க பேத்தின்னு ஆதாரம் ஏதாவது இருக்கா?"

"எல்லாம் தண்ணியில போச்சு சார்."

"குழந்தையோட அம்மா எங்க?"

பெரியவர் சூப் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "வேலையில இருக்காங்க சார். வந்துடுவாங்க."

"எப்ப வருவாங்க?"

"தெரியல சார். அவங்களுக்கு எப்ப முடியுமோ அப்ப."

"அப்ப ஒண்ணு செய்யலாம். குழந்தைகள் இல்லத்து வண்டி வாசல்லதான் நிக்குது. அதுவரைக்கும் பாப்பா அங்க பத்திரமா இருக்கட்டும். அம்மா வந்து கூட்டிக்கிட்டுப் போகட்டும்." பதிவாளர் தன்மையாகத்தான் சொன்னார். அவர் தன்மையானவர். பிறகு திரும்பி, "ஆபரேட்டர், வண்டி டிரைவரை மேடைக்கு வரச் சொல்லி அறிவிங்க" என்றார்.

பெரியவர் குழந்தையின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதுகூட அவர் மருமகளைப் பார்க்கவில்லை. பார்த்துவிட்டால் காட்டிக்கொடுத்தது போல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆபரேட்டர் சுவிட்சைப் போட்டாள். ஸ்பீக்கரில் முதலில் அவள் மூச்சு மட்டும் கேட்டது. சூப் வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

"கவனிக்கவும்" என்றாள். அதே குரல்தான். "பச்சைச் சட்டை போட்ட குழந்தையின் அம்மா இங்கே இருக்கிறார். வண்டி தேவையில்லை." நிறுத்தினாள். பிறகு வந்தது நாங்கள் யாரும் கேட்டறியாத குரல். "நான்தான். நான் பெத்த குழந்தை இது. இவர் என் மாமனார். அந்தப் போர்வை அவர் எடுத்தது இல்ல, நான் குடுத்தது. நாங்க கால்வாய்க் கரைதான். எங்க வீடு போயிடுச்சு."

முதலில் வாயைத் திறந்தவர் பெரியவர். பதிவாளரிடம் கையை ஆட்டிக்கொண்டு, "இல்ல சார், அதெல்லாம் இல்ல. மேடம் நல்ல மனசு, எங்க மேல இரக்கப்பட்டு ஏதோ சொல்றாங்க. அவங்க வீடு மேட்டுத் தெருவுல" என்றார்.

"மாமா, போதும் மாமா" என்றாள் அவள். "மேடம்னு கூப்பிடாதீங்க. எனக்கு உடம்பெல்லாம் கூசுது."

பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மாணவர் தலைவன் என் பக்கம் பார்த்தான், நான் ஒயரைப் பார்த்தேன். மைக்கை அணைத்திருக்க வேண்டும். என் வேலையே அதுதான். கை வரவில்லை.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கி மேடையிலேயே மண்டியிட்டுக் கையை நீட்டினாள். குழந்தை வரவில்லை. தாத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே கேட்டது.

"இப்ப அம்மான்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடு கண்ணு."

குழந்தை எங்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தது. பதிவாளரை, மாணவர் தலைவனை, என்னை, வரிசையில் நின்ற மஞ்சள் சட்டைகளை.

"யாரும் சிரிக்க மாட்டாங்களா?" என்றது.

கயிற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், அரங்கம் முழுக்க அது கேட்டது. பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தோம்.